உலக ஆரோக்கியம் படிக்க வந்த ஜீப்

மொழிபெயர்ப்பாளன் வேலையில் இரண்டு பக்கமும் திட்டு கிடைக்கும். நன்றி மட்டும் மூன்றாவது ஆளுக்குப் போய்விடும். கல்யாணத் தரகர்களே, பஸ் கண்டக்டர்களே, உங்களுக்கு இது புரியும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சோற்றுக்குப் பாரமாக இருந்தேன். அப்போது ஒரு வெளிநாட்டுக் கல்லூரி எனக்கு வேலை கொடுத்தது. அங்கே பட்டப்படிப்பில் உலக ஆரோக்கியம் என்று ஒரு பாடமாம். வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு பேராசிரியரும் ஆறு மாணவர்களும் ஒரு வாடகை ஜீப்பில் வந்து, தோணிரேவு ஊருக்கு அந்தப் பக்கம் உப்புநீர் ஏரிக்கரையில் இருந்த ஒரு குப்பத்தில் மூன்று வாரம் அதைப் படிப்பார்கள். குப்பத்தின் பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு வரும் சுகாதார நர்சம்மா இன்னும் வேலையில் நல்லபடியாக இருக்கிறார்.

கை கழுவும் பாடம்

முதல் நாளே சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி என்று செய்து காட்டினார்கள். முழங்கை வரை நுரை, பிறகு கழுவல், மறுபடி நுரை. ஆறு மாணவர்களும் ஆளுக்கொரு தடவை காட்டி முடித்தபோது எல்லம்மா என்ற பெண்ணின் வீட்டுக் குடம் காலி. அது அவள் மணல்மேட்டு ஊற்றில் அரை மணி நேரம் காத்திருந்து, இடுப்பு ஒடியச் சுமந்து வந்த குடிதண்ணீர். சுற்றி நின்ற பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர், அந்த அம்மாள் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொன்னார். எல்லம்மா யோசிக்கவே இல்லை.

"நல்லா கத்துக்கினோம்னு சொல்லு. நாளைக்கு வர்றப்போ ஆளுக்கொரு கொடம் தண்ணி தூக்கினு வரச் சொல்லு."

நர்சம்மாவின் வருகை

எல்லம்மா சொன்னதை "மிக்க நன்றி" என்றுதான் மொழிபெயர்த்தேன். சோறு போடும் தொழில் அப்படி.

அவர்களிடம் அறுபத்து நாலு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருந்தது. அதில், சுகாதார நர்ஸ் ஊருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்பது ஒரு கேள்வி. அவர் எப்போதாவது வருவார் என்று ஊரே சொன்னது. ஆனால் மாணவர்கள் கண்ணுக்கெதிரே அவர் தினமும் வெள்ளைப் புடவையில், பையும் குடையுமாக நின்றார். கண்ணால் கண்டதைத்தானே எழுதுவார்கள்? தினமும் வருகிறார் என்று எழுதிக்கொண்டார்கள். இது நியாயமா என்று நர்சம்மாவிடமே மெதுவாகக் கேட்டேன். அவர் பாவம், ஒற்றை ஆளாக ஒன்பது ஊருக்கு அலைகிறவர். கோபித்துக்கொள்ளவில்லை.

"இவங்கள தெனமும் வரச் சொல்லுங்க சார். நானும் தெனமும் வர்றேன்."

ஜீப்புக்கும் ஒரு பாடு

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் மண்டை உடையும். அதனால் எந்தக் குடும்பத்துக்கு எந்தெந்த நாட்களில் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கேள்வி கேட்கும் வீட்டில் மாணவர்கள் சோப்பும் பிஸ்கெட்டும் கொடுப்பார்கள். அதற்கும் சண்டை வந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி மாணவர்கள் எந்த நாட்களில் எந்த வீட்டுக்கு என்று அதற்கும் பாடு போட்டுவிட்டார்கள். பேராசிரியர் தன் புத்தகத்தைப் பார்த்து, குலுக்கல் போல எண்களைப் பொறுக்கி வீடு தேர்ந்தெடுப்பார். நான் பெரியவர்களின் பட்டியல்படி கூட்டிப் போவேன். மூன்று வருஷமும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது வருஷம் தேசப்பன் என்ற மீனவன் ஒரு காரியம் செய்தான். இறால் கொட்டுகிற வாரத்தில் தனக்கு விழுந்த ஏரிப் பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடைய மாணவர் பாட்டை வாங்கிக்கொண்டான். பிஸ்கெட்டுக்காக இப்படியா என்று ஊர் சிரித்தது. பேராசிரியரோ, இங்கே ஆண்கள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். தேசப்பன் மனைவி தேசம்மாவுக்கு அப்போது நிறைமாதம். அவளுடைய முதல் குழந்தை பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே இறந்து போனது. இரண்டாவது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே போனது. சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் தேசப்பனிடம் போய் விசாரித்தேன்.

"எறா அடுத்த மொறை வரும் சார். இந்த வாரம் ஜீப்பு நம்ம வாசல்ல நிக்கணும், அவ்ளோதான்."

மீதிக் கேள்விகள்

தேசப்பன் வீட்டு முறையின் இரண்டாம் நாள். முப்பத்தேழாவது கேள்வி, வாரத்துக்கு எத்தனை நாள் கீரை சாப்பிடுவீர்கள் என்பது. தேசம்மா இடுப்பு வலி எடுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டிருந்த ஹெலன் என்ற மாணவி பேனாவைக் கீழே போட்டாள். பேராசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் வெளியாட்களை வண்டியில் ஏற்றக் கூடாது என்பது கல்லூரி விதி. தவிர, நாம் பார்க்க வந்தவர்கள், குறுக்கிட்டால் படிப்பே பிழையாகிவிடும், நர்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். அன்றைக்கென்று பார்த்து நர்சம்மா வரவில்லை.

ஜீப் ஓட்டுகிற காதர் பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, துரை என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். தேசப்பனும் என்னையே பார்த்தான். மரியாதைக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் வேலையைக் காப்பாற்றிய பொய். இது அப்படி இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். உடனே எடுக்கச் சொல்கிறார் பாய் என்றேன். தேசம்மாவை ஏற்றினார்கள், ஹெலனும் ஏறிக்கொண்டாள். புழுதி அடங்கியதும், டிரைவருக்கு உங்கள் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது என்று பேராசிரியரிடம் சொன்னேன். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். விஷயம் பேராசிரியருக்குத் தெரிந்து, மறுநாள் எனக்கு வேலை போயிற்று. அந்த வாரக் கடைசியில் குப்பத்துக்குப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தேசம்மா கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் இருபத்தேழு கேள்வி பாக்கி வச்சிட்டுப் போச்சே, வரச் சொல்றியா? இப்ப கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லுவேன்."

மூன்று வருஷம் நான் ஒழுங்காக மொழிபெயர்த்ததெல்லாம் கடல் தாண்டி ஏதோ ஒரு அலமாரியில் தூங்குகிறது. வேலையைத் தின்ற அந்த ஒரு பொய் மட்டும் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறது.