படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்

கேமரா வாங்க வருகிறவர்கள் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை, காதால் கேட்டு வாங்குகிறார்கள். மச்சான் சொன்னது, யூடியூபில் ஒருவர் கத்தியது, பெங்களூரில் வேலை செய்யும் எதிர்வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் காதில் நிரம்பிய பிறகுதான் கடைப்படி ஏறுகிறார்கள். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று தொண்டை வற்றியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் நம் மேல் இரக்கம் வராது.

நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பெண். சனி, ஞாயிறுகளில் ஓசூரில் ஒரு கேமராக் கடையில் வேலை. கண்ணாடி அலமாரியில் புதிய மிரர்லெஸ் கேமராக்கள் மினுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் எங்களிடம் ஓடுவதென்னவோ ஸ்டூடியோக்காரர்கள் கழித்துவிட்ட டி.எஸ்.எல்.ஆர்.கள்தான். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முதல் கேமரா பெரும்பாலும் அதுதான். கடையில் முதலாளி முனிராஜ் அண்ணன், விற்பனைக்கு பிரகாஷ், வாக்குவாதத்துக்கு நான்.

ஒரு தலையாட்டல்

கல்லாவியிலிருந்து ஒரு விவசாயி மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். வந்ததும் ஷட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு அவளைக் கட்டியணைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. டார்ச் அடித்து லென்ஸின் உள்ளே காட்டினேன். "இதுல மெகாபிக்சல் கம்மியா இருக்குதே?" என்று அப்பா கேட்டார். "மெகாபிக்சல்ங்கிறது அண்டா மாதிரிங்க. லென்ஸ் மோசமா இருந்தா, பெரிய அண்டாவுல கலங்கல் தண்ணி பிடிச்ச கதைதான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. விவசாயிக்குத் தண்ணீர்க் கணக்குப் புரியாமல் போகுமா?

எல்லாம் முடிந்தது என்று நான் டப்பாவை எடுக்கத் திரும்பினேன். அவர் நகரவில்லை. மூலையில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த பிரகாஷை நோக்கி நடந்தார். பிரகாஷ் திருநெல்வேலிக்காரன், போன மாதம்வரை மொபைல் கவர் விற்றவன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "கடைப் பாப்பா நல்லாதான் சொல்லுது. தம்பி, நீங்க ஒருக்கா தலையாட்டிட்டீங்கன்னா நாங்க எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவோம்."

கேஜ்

மஞ்சுளாவுக்குச் சொந்த ஊர் மத்தூர். ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி, வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கான்ட்ராக்ட் முடியப்போகிறது. முடிந்தால் ஏஜென்ட் வேறொரு கம்பெனியில், வேறொரு லைனில் நிறுத்துவார். அதில் அவளுக்கு விருப்பமில்லை. பெரியப்பா மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் படமெடுக்க அவளிடம் சொல்லியிருந்தார்கள். படம் நன்றாக வந்தால் கல்யாணமும் அவளுக்குத்தான். கல்யாணம் கிடைத்தால் ஊரில் நாலு பேர் கூப்பிடுவார்கள், லைனில் நிற்க வேண்டாம். இதையெல்லாம் அவள் கேமராவைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அதனால்தான் கேமராவோடு சேர்ந்தே வரும் பழைய கிட் லென்ஸில் ஒன்றைக் காட்டியதும், "இதே லென்ஸ் எத்தனை பீஸ் இருக்குது? எல்லாத்தையும் எடுங்க" என்றாள்.

இருந்த மூன்றையும் கொடுத்தேன். பையிலிருந்து கிராப் தாளும் டேப்பும் எடுத்தாள். பக்கத்துக் கடை மூடியிருந்தது; அதன் ஷட்டரில் தாளை ஒட்டி, மூன்றாலும் படம் எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கோடு தெளிவு, அடுத்த கோடு மங்கல். மூன்று லென்ஸிலும் சிவப்பு டேப்பைக் கிழித்து ஒட்டிவிட்டாள். கம்பெனியில் கழிக்கிற பீஸுக்கு அதுதான் அடையாளமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, ஷட்டர் நெளிநெளியா இருக்குது. அது மேல ஒட்டினா தாளும் நெளியாதா? லென்ஸ் மேல ஏன் பழி போடுறீங்க?" என்றேன். அவள் எழுந்து போய் ஷட்டரை விரலால் தடவினாள். கம்பெனியில் அளவுகோலை, அவர்கள் பேச்சில் கேஜை, வேறொரு பிரிவு சரிபார்த்துக் கையில் கொடுத்துவிடும். அதைச் சந்தேகப்படுகிற பழக்கம் லைனில் யாருக்கும் இல்லை. திரும்பி வந்து சிவப்பு டேப்பை ஒவ்வொன்றாக உரித்தாள். "பார்ட்டை அப்புறம் பாக்கலாம் மேடம். மொதல்ல கேஜே ரிஜெக்ட்."

ஜூஜுவாடிக்கு அந்தப் பக்கம்

இது நடுவில் வந்த ஒரு வயிற்றெரிச்சல். அத்திப்பள்ளிக்காரர் ஒருவர் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடியைத் தாண்டி வந்து, அரைநாள் எங்கள் கடையில் உட்கார்ந்து லென்ஸ்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். எது கூர்மை, எது வெயிலில் வெளிறும், எதில் போக்கஸ் மெதுவாக ஓடும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த ஞாயிறு பெங்களூரில் வாங்கிய லென்ஸோடு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எல்லாப் படமும் மங்கலாக வருகிறதாம்.

வாங்கிப் பார்த்தேன். போக்கஸ் பொத்தான் மேனுவலில் இருந்தது. தள்ளிவிட்டேன். "வாங்கின எடத்துல கேக்க வேண்டியதுதானே? எதுக்கு இங்க வந்தீங்க?" என்று நான் பொரிந்ததற்கு அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "அல்லி யாரும் ஹேளோதே இல்ல மேடம், அங்க யாரும் சொல்றதே இல்ல. நீங்க திட்டினாலும் சொல்லிக் கொடுக்கிறீங்க."

நிலாவுக்கு என்ன வேலை?

மஞ்சுளா மறுபடி வந்தபோது பிரகாஷ் முந்திக்கொண்டான். "ரெண்டு லென்ஸ் காம்போ பாத்துக்கிடுங்க. ஒண்ணு பக்கத்துக்கு, ஒண்ணு தூரத்துக்கு. நிலாவையே கிட்டக்க எடுக்கலாம்." எனக்குப் பற்றிக்கொண்டது. "நிச்சயதார்த்தத்துல நிலாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். முனிராஜ் அண்ணன் உள்ளேயிருந்து தெலுங்கில் முனகுவது கேட்டது. நான் விடவில்லை. ஐம்பது எம்.எம். லென்ஸை மாட்டி மஞ்சுளாவை ஒரு படம் எடுத்தேன். இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம்; பின்னாலிருந்த டீக்கடை வெண்ணெய் போல உருகியிருந்தது. இதற்காகத்தான் ஊர் முழுக்க "பேக்ரவுண்டு பிளர் ஆகுமா?" என்று கேட்கிறார்கள்.

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அழகா இருக்குது மேடம். ஆனா பின்னாடி நின்ன ஆளுங்களக் காணோமே" என்றாள். குரூப் போட்டோவுக்கு இந்த லென்ஸ் ஆகுமா என்று கேட்டாள். ஆகாதுதான். மேடை முழுவதும் அடங்க வேண்டுமென்றால் பின்னுக்குப் போய்ப் போய்க் கடைசியில் பந்தியில்தான் நிற்க வேண்டும். அகலமாக எடுக்கக் கிட் லென்ஸ்தான் வழி. "ஆனா அதுல ஓரம் கொஞ்சம் மங்கும்" என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்குமா? "நடுவுல தெளிவா இருந்தா போதுங்க. படத்துல மூலையை யாருங்க பாக்கறாங்க?" என்று வாதாடத் தொடங்கிவிட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். அவர்கள் பக்கத்தில் குரூப் போட்டோவுக்கு மைக்கில் கூப்பிடுவார்கள். முதலில் சம்பந்தி வீட்டார், பிறகு மாமன் வகை, பிறகு பங்காளிகள். எல்லாரும் நின்ற பிறகு, "இன்னும் யாராச்சும் இருந்தா வாங்க" என்று ஒரு குரல். அந்த யாராச்சும்தான் இரண்டு ஓரத்திலும் வந்து ஒட்டிக்கொள்வார்கள். அவளுடைய சித்தி அப்படித்தான். சித்தப்பா விட்டுவிட்டுப் போனதிலிருந்து மைக்கில் கூப்பிடுகிற எந்த வகையிலும் சித்தியின் பேர் வருவதில்லை; மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எப்போதும் ஓரம். அவள் ஐம்பதைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினாள். "நடுவுல நிக்கிறவங்க முகம் மொபைல்லயே நல்லாதான் விழுது மேடம். நான் கேமரா வாங்கறது ஓரத்துக்கோசரம்."

முதலாளி நடுவில்

அப்புறம்தான் உருப்படியாக ஒரு சோதனை செய்தோம். கிராப் தாள் வேண்டாம், ஆட்களையே நிறுத்தலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். கடை வாசலில் வரிசை. டீக்கடைக்காரர், பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்கா, வாடிக்கையாளர்கள் சிலர். முனிராஜ் அண்ணனிடம் எங்கே நிற்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. நேராகப் போய் நடுவில் நின்றார். பிரகாஷ் இடது ஓரம், நான் வலது ஓரம். மஞ்சுளா மூன்று லென்ஸாலும் எடுத்தாள்.

முதல் லென்ஸில் இடது பக்கம் மங்கிப் போயிருந்தது. எப்போதோ கீழே விழுந்து உள்ளே கண்ணாடி சாய்ந்த பீஸாக இருக்கும். இரண்டாவதில் வலது பக்கம். எல்லாரும் திரையைச் சுற்றி நின்றோம். மூலையை யார் பார்க்கிறார்கள் என்று வாதாடிய நான், நடுவில் இருந்த முதலாளியைப் பார்க்கவேயில்லை; நேராக வலது மூலைக்குத்தான் என் கண் போனது. துப்பட்டாவின் நிறத்தை வைத்துத்தான் அது நான் என்று தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக்கையால் துடைத்ததுபோல் ஒரு தீற்றல். என்னை யாரோ அவமானப்படுத்தியது போல் சுருக்கென்றது. யார் மேல் சண்டைக்குப் போவது?

மூன்றாவது லென்ஸ் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருந்தது. அதிலும் முழு அகலத்தில் எடுத்தால் ஓரத்து ஆட்கள் பருத்துப்போகிறார்கள். கொஞ்சம் பின்னால் போய் ஜூமைச் சற்றுக் கூட்டி, லென்ஸின் துளையை, அதுதான் அப்பர்ச்சரை, எஃப் எட்டுக்குக் குறைத்து, பிளாஷ் போட்டு எடுக்கச் சொன்னேன். படம் வந்தது, எல்லா முகத்தோடும். மஞ்சுளா அந்த லென்ஸையும் ஒரு பழைய பாடியையும் எடுத்துக்கொண்டாள். முதல் இரண்டு லென்ஸிலும் சிவப்பு டேப்பை ஒட்டினாள். இந்தத் தடவை டேப்பை நானே கிழித்துக் கொடுத்தேன். பிரகாஷ் மட்டும் முதல் படத்தை விட்டு நகராமல் நின்றான். "ஏ, இந்த லென்ஸ யாருக்கும் வித்துராதிய. முதலாளி மாப்ள கணக்கா ஜம்முனு இருக்காரு, என்னையப் பாத்தா அவரு கல்யாணத்துல பந்திக்கு நுழைஞ்ச களவாணி மாதிரில்லா இருக்கு."

முகம்

நிச்சயதார்த்தம் முடிந்து சில வாரம் கழித்து மஞ்சுளா வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணம் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லையாம். பெண்ணைச் சிவப்பாகக் காட்டவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்ல, பெரியப்பா கிருஷ்ணகிரியில் டிரோன் வைத்திருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார். நான் கொதித்தேன். பெண் எந்த நிறமோ அந்த நிறத்தில் படம் வருவதுதானே நல்ல லென்ஸுக்கு அழகு? பெரியப்பா போன் நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன் என்று கேட்டேன். நல்லவேளை, அவள் கொடுக்கவில்லை.

குரூப் போட்டோவை எடுத்துக் காட்டினாள். மேலும் கீழும் பட்டையாக வெள்ளை விட்டிருந்தது. பிரிண்ட் போடும் லேபில், ஆல்பம் சைஸுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் என்ன என்று கேட்டார்களாம். லென்ஸிடம் தப்பியவர்களைக் கத்தரிக்கோலிடம் கொடுப்பதா? வெட்டக் கூடாது, முழுப் படமும் வர வேண்டும் என்று அங்கேயே நின்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். சண்டை போட யாரிடம் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. இடது ஓரத்தில் நீலச் சேலையில் ஒரு பெண், பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி. இரண்டு முகமும் அப்படியே இருந்தன. சித்தி சிரிக்கவில்லை, ஆனால் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சித்திதான் அடுத்து மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மஞ்சுளாவைக் கூப்பிட்டாளாம். அங்கே வந்த இன்னொரு ஓரத்து அத்தையும் வீட்டு விசேஷத்துக்குத் தேதி கேட்டிருக்கிறாளாம். லைன் வேலை இப்போதைக்கு வேண்டாமென்று மஞ்சுளா ஏஜென்டிடம் சொல்லிவிட்டாள். "சித்தி படத்தைப் பார்த்து என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். சித்தி சொன்னதை மஞ்சுளா அப்படியே சொன்னாள்: "இத்தினி வருசம் எடுத்த போட்டோவுலல்லாம் நான் வந்ததுக்கு என் சேலைதான் சாட்சி கண்ணு, இதுலதான் மூஞ்சி இருக்குது."

இப்போதெல்லாம் எந்த லென்ஸ் நல்ல லென்ஸ் என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டுப் படத்தில் ஓரத்தில் நிற்பது யார் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்; பாதிப் பேர் பதில் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் உட்கார்ந்து பதில் சொல்லி வாங்கிப் போகிறார்கள் என்பதால், முனிராஜ் அண்ணனுக்கு என் மேல் உள்ள கோபமும் பாதிதான்.