செம்பருத்தியில் ஓடிய வெள்ளைப்பூச்சி

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் நடந்தவை:

1. செம்பருத்தியின் மொட்டுக் காம்புகளில் பஞ்சுத் துணுக்குகள் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தன. மாவுப்பூச்சி.
2. தொட்டி விளிம்பிலிருந்து எறும்புகள் தண்டு வழியாக ஏறிக்கொண்டிருந்தன. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புத் தண்ணீருக்காக அவை காவலுக்கு நிற்கும்.
3. துணி சோப்பைச் சீவிக் கரைத்து, தெளிக்கிற பாட்டிலில் ஊற்றினேன்.
4. கைப்பிடியை அழுத்தப் போகும்போது, அந்த வெள்ளைகளில் ஒன்று மட்டும் ஓடியது.
5. பாட்டிலைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டேன்.

எண் போடாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. விவசாயம் படித்துவிட்டு கோவில்பட்டியில் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீட்டுச் சண்டையைக்கூட நான் "முதலாவது" என்றுதான் ஆரம்பிக்கிறேன் என்று என் கணவர் சொல்வார். ஆனால் ஐந்துக்கு மேல் எழுத வேண்டியது எண்ணுக்குள் அடங்கவில்லை. காரணம் அந்தச் சோப்பு வாசனை.

ஊரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு செம்பருத்தி நின்றது. அம்மா கல்யாணமாகி வந்ததும் நாகலாபுரத்திலிருந்து குச்சி கொண்டுவந்து வைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குத்தான் போகும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது சுற்றுவட்டாரத்தில் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான். எங்களுக்குப் பெருமை. பூச்சிக்கும் அது தெரிந்திருந்தது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் சின்னையாவின் பருத்திக்காடு. சின்னையா என் அப்பாவின் தம்பி. அந்த வருஷம் பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்தால் தப்பாது என்று ஊரெல்லாம் பேச்சு. செம்பருத்தியும் பருத்தியும் ஒரே குடும்பம், பூச்சிக்கு இரண்டும் ஒரே ருசி. நான் இதைப் பாடமாகப் படித்தது பிற்பாடு. சின்னையா படிக்காமலே சுவரை எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"மதினி, செடிய வெட்டிருவோமா? வெதைப்பு வருது. இதுல இருந்து காத்துலயே நம்ம காட்டுக்கு ஏறிரும்."

"வெட்டவா? நீ நல்லாருப்ப தம்பி. பூச்சிய நான் பாத்துக்கிடுதேன்."

"அப்ப டாங்குல மிச்ச மருந்து கெடக்கு. ஒரு வீச்சு வீசிருதேன்."

"தலையில வைக்கிற பூவுல மருந்தடிப்பியா? ஒம்பொண்டாட்டியும் இதத்தான வச்சிட்டுத் திரியுதா!"

அந்த மருந்து நெடி எங்கள் பிள்ளைப் பருவம் முழுக்க இருந்தது. பருத்திக்கு அடித்துவிட்டு வருகிறவர்களின் சட்டை கொடியில் தனியாகத் தொங்கும். அந்த நெடி பூவில் ஏறுவதை அம்மா கடைசிவரை ஒப்பவில்லை. சின்னையாவும் யோசித்தார். விதைப்புக்குள் செடி சுத்தமாகிவிட வேண்டும், இல்லையென்றால் வெட்டுவது என்று பேசி முடிந்தது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகுமுன் எனக்கும் அம்மாவுக்கும் அதுதான் வேலை. பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர். கொழுந்து கொழுந்தாகத் தேய்ப்போம். அசையாமல் ஒட்டிக் கிடப்பது சின்னது. அவற்றுக்கு நடுவே மெழுகு நூல் மாதிரி முடியோடு கொஞ்சம் பெரிதாக ஒன்று ஓடும். "அதான் தாய்ப்பூச்சி. அத மொதல்ல நசுக்கு ஏட்டி" என்பாள் அம்மா. நானும் ஆள் தேடுகிற போலீஸ் மாதிரி தேடித் தேடி நசுக்கினேன்.

பூச்சி குறைந்தபாடில்லை. அதற்குள் நாகலாபுரத்தில் மாமா மகளுக்குப் பூப்புச் சடங்கு வைத்தார்கள். அம்மாவும் நானும் புறப்பட்டோம். அத்தை கேட்டிருந்தாள் என்று ஒரு குச்சியை ஒடித்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள் அம்மா.

"பூச்சிய நாகலாபுரத்துக்கும் ஏத்துமதி பண்ணப் போறியா?" என்று அப்பா சிரித்தார்.

வீட்டு விசேஷம், ஒரு வாரம் இழுத்துவிட்டது. திரும்பி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தால், பின்பக்கம் பச்சைத் தழை கருகிய வாடை. செடி நின்ற இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கட்டையும் சாம்பலும்.

சின்னையா ஓடி ஒளியவில்லை. அவராகவே வந்து நின்றார்.

"செடி பூரா வெள்ள வெளேர்னு ஓடுச்சு மதினி. ஒண்ணு ரெண்டு இல்ல. அண்ணனும் வந்து பாத்தாவ. மேக்க மேகம் கட்டிருச்சு, வெதைக்கணும், நான் என்ன செய்ய?"

அம்மா பையை இறக்காமலே உள்ளே போய்விட்டாள். அதன்பின் அவரோடு பேச்சு எதுவானாலும் என் வழியாகத்தான். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "ஏட்டி, ஒங்க சின்னையாட்ட சொல்லு, காப்பி ஆறுதுன்னு" என்பாள். "மதினிட்ட சொல்லு தாயி, சீனி கம்மின்னு" என்பார் அவர். இரண்டு எட்டு தூரத்துக்கு நான் தபால்காரி. காப்பி ஒருநாளும் நிற்கவில்லை, சீனிதான் குறைந்தது.

கட்டையும் துளிர்க்கவில்லை. நெருப்பு வேர்வரை போயிருந்தது.

மார்கழியில் பருத்தி சப்பை கட்டி மொட்டுவிடும் சமயம் சின்னையா காட்டில் மாவுப்பூச்சி விழுந்தது. அவர் வரப்போரம் நடந்து பார்த்திருக்கிறார். வரப்பில் தானாக முளைத்து நின்ற துத்திச் செடிகள், அதுவும் பருத்திக் குடும்பம்தான், அத்தனையும் வெள்ளை. கோடை முழுக்க அங்கேயும் இருந்திருக்கிறது. ஒரு துத்தியைப் பிடுங்கி, எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்.

"மதினி, பூச்சி ஏங்காட்டுலயே இருந்திருக்கு. ஒங்க செடி மேல பழியப் போட்டுட்டேன்."

அம்மா துத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தபாலுக்குத் தயாராக எழுந்துவிட்டேன்.

"உக்காரு தம்பி. காப்பி போடுதேன்" என்றாள் நேராக. அன்றைக்கு நிறையச் சீனி. எனக்கு வேலை போய்விட்டது.

கதை அதோடு முடிந்ததாகத்தான் நானும் நினைத்திருந்தேன். கல்லூரியில் பூச்சியியல் வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். வெள்ளை மெழுகு நூல் போர்த்திய ஒன்று. பார்த்ததும் "மாவுப்பூச்சி" என்று எழுதினேன். தப்பு. அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது, தான் தின்கிற பூச்சியைப் போலவே வேஷம் போட்டுத் திரிவது. அடையாளம் காண ஒரே வழி, அது ஓடும்.

நாங்கள் தாய்ப்பூச்சி என்று நசுக்கியது அதைத்தான். நாங்கள் ஊரில் இல்லாத அந்த ஒரு வாரத்தில் நசுக்க ஆளில்லாமல் அது செடி முழுக்கப் பெருகியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் செடியைத் துடைத்துக் கொடுத்திருக்கும். சின்னையா வெட்டியது செடி பிழைத்துக்கொண்டிருந்த நாளில்.

அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன்.

"அவன்ட்ட சொல்லிராத" என்றாள். "துத்தியக் கண்டதுக்கே மூஞ்சி செத்துப்போயி நின்னான்."

இப்போது சின்னையா காட்டில் பருத்தி கிடையாது. பல வருஷமாக மக்காச்சோளம்தான். எங்கள் பக்கம் முக்கால்வாசிக் காடுகள் அப்படி ஆகிவிட்டன. எந்தப் பருத்திக்காகச் செடியை வெட்டினாரோ, அந்தப் பருத்தியும் போய்விட்டது. பின்சுவரும் இடிந்து, அந்த இடத்தில் அம்மா மோட்டார் ரூம் கட்டியிருக்கிறாள்.

என் மாடியில் நிற்பது நாகலாபுரத்து அத்தை வீட்டிலிருந்து வந்த குச்சி. அம்மா சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோன அதே செடி.

அடுத்த வாரம் சின்னையா கண் ஆஸ்பத்திரிக்குக் கோவில்பட்டி வருகிறார், எங்கள் வீட்டில் தங்குவார். மாடிக்கு ஏறாமல் இருக்க மாட்டார், செடியைப் பார்த்தால் பூச்சி என்று சொல்லாமலும் இருக்க மாட்டார். ஓடுவது எது என்று விளக்கப் போனால் பழைய கதையும் வெளியே வந்துவிடும். அதற்குள் புழுக்கள் வேலையை முடித்துவிட்டால் நல்லது. இன்று காலை நிலவரம்: மாவுப்பூச்சி பாதிக்குக் குறைந்திருக்கிறது. ஓடுகிற வெள்ளைகள் கூடியிருக்கின்றன. சோப்புத் தண்ணீர் பாட்டிலில் அப்படியே இருக்கிறது.