அக்காவின் நாற்காலி

அக்காவுக்குக் கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. குட்லண்ட்ஸ் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் ஸ்வெட்டர் ஃபேக்டரிக்குள் போனால், அக்காவின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள்.

அக்காவும் நானும் ஸ்வெட்டரின் உடம்போடு கழுத்துப் பட்டியைச் சேர்க்கும் பிரிவு. வட்ட மெஷினில் முள் முள்ளாக நிற்கும். ஒவ்வொரு முள்ளிலும் பின்னலின் ஒரு கண்ணியை மாட்ட வேண்டும். ஒன்று தவறினால் துவைக்கும்போது கழுத்து பிரிந்துவிடும். உருப்படிக்குத்தான் கூலி, கெட்டால் அதில் பிடிப்பார்கள். அதனால் கெட்டதைத் தொடைக்கடியில் ஒளித்து வைத்து, சாப்பாட்டு வேளையில் அக்காவிடம் கொண்டுபோவோம். தால்பூரி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டே சரிசெய்து தருவாள்.

அவள் காய்ச்சலில் போனாள். துவைக்கப் போன ஸ்வெட்டர்கள் கழுத்தில் ஓட்டையோடு திரும்பி வந்தன. எங்கள் பிரிவை நடத்தும் மேடம் எல்லாரையும் இடம் மாற்றினார். வேலை தெரிந்தவள் பக்கத்தில் தெரியாதவள். வரிசைக்கு ஒருத்திக்கு மட்டும் நாள் கூலி. கேட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள் வேலை. கெட்ட கழுத்துக்கு இனிக் கூலியில் பிடிக்கமாட்டோம், காலையில் மேஜையில் போடுங்கள், எப்படிக் கெட்டது என்று பேசலாம் என்றும் சொல்லியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஒருத்தி செய்த வேலையை வெட்டிப் பங்கு போடுகிறார்களே. நாற்காலியைப் பழைய இடத்தில் போடுங்கள், நான் உட்காருகிறேன் என்று மேடத்திடம் போய் நின்றேன். மேடம் என் முகத்தைப் பார்த்தார். சரி, உட்கார்ந்து பார் என்றார்.

முதல் கெட்ட கழுத்து வந்தது. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். எங்கே பிரிப்பது என்றே தெரியவில்லை.

எங்கள் வரிசையின் நாள் கூலிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். நாங்கள் பேசுவது எங்கள் தீவின் கிரியோல் மொழி. அதில் அக்கா, தங்கச்சி என்ற சொற்கள் மட்டும்தான் தமிழ்.

"தெரியலையா, தங்கச்சி?"

"எனக்குக் காட்டினதே இல்ல. 'குடு இங்க'ன்னு பிடுங்கிடுவா."

"எங்களுக்கும் அதேதான். உங்க அக்காவ சாமி மாதிரி கும்பிட்டோம். பாடம் கேக்கல. இப்பத்தான் நாங்களே பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கிட்டோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். செத்தவள்மேல் கோபப்படலாமா, எனக்குத் தெரியாது. கோபம் வந்தது. என்னையாவது பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்கலாம். எல்லாவற்றையும் விரலோடு கொண்டுபோய்விட்டாள்.

"குடு இங்க" என்று நாள் கூலிக்காரியும் கை நீட்டினாள்.

நான் கழுத்தை விடவில்லை.

"எடுக்காதீங்க அக்கா. காட்டுங்க."

நாற்காலியை நானே இழுத்துக்கொண்டு போய் அவள் மெஷின் பக்கத்தில் போட்டேன். சிமெண்டுத் தரையில் அது போட்ட சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். கண்ணை அவள் மெஷினின் முள்ளில் வைத்தேன்.