வண்டியைத் திருப்பாமல் போன நாள்

பாப்பாரப்பட்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு இண்டூர் வழியாகத் தருமபுரி சந்தைக்குப் போகும்போது வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. யார் மீதாவது ஏற்றிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்த்தேன். வெறும் குழி. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு முறையும் போனேன். என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அப்போது அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் குட்டியானை ஓட்டுகிறவன். சிறிய சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நாளில் ஒவ்வொரு வேகத்தடையிலும் யாரோ ஒருவர் என் சக்கரத்தடியில் கிடந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏலம் முடிந்த பிறகு சந்தையில் போய் நிற்பேன். அதற்கப்புறம் தக்காளியை எவன் வாங்குவான்? வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் எனக்குத் தெரியாது.

என் மனைவி செலின் தன்னால் முடிந்ததைச் செய்தாள். யாருக்காவது அடிபட்டதா என்று நான் போனில் கேட்டால், இண்டூரில் இருக்கும் தன் அண்ணனைக் கூப்பிட்டு ரோட்டைப் பார்த்துவரச் சொல்வாள். அவரும் பாவம், சாப்பிட்ட கையோடு ஓடுவார். "யாருக்கும் ஒண்ணும் ஆவலைங்க, நிம்மதியா போங்க" என்பாள். அந்த நிம்மதி அடுத்த குழி வரைக்கும்தான்.

அவள்தான் என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். கைபேசி வழியாகவே பயிற்சி தரும் ஒரு சிகிச்சையை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், சேர்கிறீர்களா என்றும் கேட்டார்.

"போன்ல எப்படிங்க சார் மனசு சரியாவும்?"

"அதைத்தான் நாங்களும் பாத்துட்டு இருக்கோம்" என்றார். மறைக்காமல் சொன்னாரே, அதனால்தான் சேர்ந்தேன்.

கைபேசியில் வந்த முதல் பாடத்தில் ஏதோ ஒரு சொல்லைத் தவறவிட்டேனோ என்று அதையே மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். வாரம் ஒருமுறை வீடியோவில் வரும் ஆலோசகப் பெண் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏண்ணா, இங்கயும் வண்டியைத் திருப்பிட்டீங்களா?" எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நோய் வந்தபின் அதை நினைத்து நான் சிரித்தது அன்றுதான்.

பயிற்சிக்குப் பெயர் எதிர்கொள்ளல் (பயம் வரும் இடத்துக்கே போய், அதைத் தணிக்கும் செயலைச் செய்யாமல் இருப்பது). குழியைத் தாண்டினால் திரும்பக் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது. சந்தை சேர்ந்ததும் பயம் எவ்வளவு என்று கைபேசியில் குறிக்க வேண்டும். கடினமான பாடம் செலினுக்குத்தான். நான் கேட்டால் "தெரியலைங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனில் கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவை சொல்லு செலினு, ஒண்ணும் ஆவலைன்னு."

மூக்கை உறிஞ்சினாள். "எனக்குத் தெரியலைங்க. நீங்க வண்டியை எடுங்க." அழுகிறாள் என்று தெரிந்தது.

கோபத்தில் போனை வைத்தேன். சட்டையெல்லாம் வேர்வை. வண்டியை முன்னால்தான் விட்டேன். சந்தை சேர்ந்தபோதும் பயம் இருந்தது, ஆனால் குறைந்திருந்தது. நான் ஒன்றும் செய்யாமலே அது தானாக இறங்கும் என்பதை அன்று என் உடம்பு தெரிந்துகொண்டது. ஏலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

இது எல்லாருக்கும் பலிக்குமா என்று சொல்ல முடியாது. ஆய்வு இன்னும் நடக்கிறது. உங்களுக்கும் இதே தொல்லை என்றால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். என் மருத்துவருக்கும் அந்த ஆலோசகருக்கும் நன்றி சொல்லிவிட்டேன். செலினுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

வண்டி என்னிடமே இருக்கிறது. எந்நேரமும் பின்னால் திரும்பித் திரும்பி வலித்த கழுத்து இப்போது வலிப்பதில்லை. நேற்று நான் வந்தபோது செலின் அப்போதுதான் உலை வைத்திருந்தாள்.

"அதுக்குள்ள வூட்டுக்கு வந்துட்டீங்க? சோறு இன்னும் ஆவலைங்க."

"மெதுவா ஆவட்டும்" என்று உட்கார்ந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை.

வரும் வழியில், இண்டூர் தாண்டி, வண்டி ஒருமுறை தூக்கிப்போட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியாது.