அப்பாவை விசாரித்த வீடியோ கேம்

அப்பாவின் பதினாறாம் நாள் நேற்று முடிந்தது. இன்று சாயங்காலம்தான் டிவியைப் போட்டோம்.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய வீடியோ கேம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

பந்து உருட்டுவது அருமை. டென்னிஸ் சுமார்.

எடைப் பலகையில் ஏறிச் செய்யும் உடற்பயிற்சி கேம் இருக்கிறதே, அதுதான் மோசம்.

பொங்கலன்று அதில் வீட்டில் எல்லார் பெயரையும் பதிந்தோம். ஆயுசுக்கும் தராசில் பருத்தி எடை போட்ட அப்பா, "எடை ஒழுங்காக் காட்டுமாலே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

இன்று நான் ஏறியதும் அது ஆங்கிலத்தில் அப்பாவை விசாரித்தது.

"என்னலே கேக்குது?" என்றாள் அம்மா.

"அப்பா மெலிஞ்சிருக்காவளா, குண்டாயிருக்காவளான்னு கேக்குதும்மா."

மெலிந்துவிட்டார், அப்படியே இருக்கிறார், குண்டாகிவிட்டார். மூன்றே பதில்கள்தான்.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில ரொம்ப மெலிஞ்சுதான போனாவ. அதையே அமுக்கு."

அமுக்கினேன்.

"பிரமாதம்! இப்படியே தொடரச் சொல்லுங்கள்" என்று வந்தது. கைதட்டல் வேறு.

குடும்பத்தோடு விளையாட ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் கம்பெனிக்காரன் போட்டிருக்கிறான்.

இந்தக் கேள்வியை நிறுத்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா பெயரை அழித்துவிடு என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். அது எனக்கே தெரியும்.