நூறு கிலோ பல்லி

என் சித்தப்பாவுக்கு வேலையிடத்தில் பல்லி என்று பெயர். பதினேழு வருடமாகக் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடிக் கட்டடங்களை வெளியிலிருந்து துடைக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஆரம்பத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிற உடம்புதானாம். பிறகு பல்லி உடும்பாகி, உடும்பு முதலையாகி, போன வருடம் நூற்றுப்பத்து கிலோவைத் தொட்டது. பெயர் மட்டும் இளைத்தபடியே நின்றுவிட்டது.

கயிற்றில் அவர் ராஜா. ரப்பர் வைப்பரை மேலே வைத்தால் வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவருவார், ஒரு சொட்டுத் தடம் இருக்காது. ஒன்பதாவது மாடியில் பூந்தொட்டியை நகர்த்தி வழிவிடும் அம்மாவையும், அதற்குக் கீழே ஃபைலுக்குப் பின்னால் தூங்கும் ஆளையும் அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலோ அவர் சுத்த வேஸ்ட். பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறச் சொன்னால் கால் நடுங்கும். "ஸ்டூலுக்குக் கயிறு இல்லையே" என்பார். வீட்டுக் கண்ணாடியை அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. சித்திதான் துடைப்பாள், திட்டிக்கொண்டே.

கயிற்றுக்காரர்களுக்கு மொட்டைமாடியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராக இறங்குவார்கள். இறங்குவதற்கு முன் ஒருவன் பெல்ட்டை இன்னொருவன் மூன்று தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, "என்ன சாப்பிட்ட?" என்று கேட்க வேண்டும். பசியோடு இறங்கி நடுவழியில் மயங்கித் தொங்கியவர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள். அதனால் வந்த கேள்வி. பெண்டாட்டியிடம் பொய் சொல்லலாம், சூப்பர்வைசரிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் கூடாது. சித்தப்பாவின் ஜோடி ஒரு ஒல்லி மனிதர். முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்கு முடிச்சு என்று பெயர். எனக்கு முடிச்சு மாமா.

இந்த நிம்மதிக்குள் ஒரு சேஃப்டி சார் வந்து சேர்ந்தார். கையில் பேனா, கக்கத்தில் எடை மெஷின். பெல்ட் நூறு கிலோதான் தாங்கும், ஆறு வாரம் கழித்து எல்லோரையும் நிறுத்துப் பார்ப்பேன், நூறுக்கு மேல் காட்டுகிறவன் கயிற்றைத் தொடக்கூடாது, கீழே வரவேற்பறைத் தரையைத் துடைக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

தரையைத் துடைப்பதில் என்ன கேவலம் என்று நான் கேட்டேன்.

"நான் தரையைத் தொடச்சா அந்த ஒம்போதாம் மாடி அம்மா லிஃப்ட்ல இறங்கி என்னை மிதிச்சிட்டுப் போவாங்க. இப்ப என்னைப் பாத்துக் கை ஆட்டுறாங்க. வித்தியாசம் புரியுதா உனக்கு?" என்றார். அதற்குமேல் நான் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு மட்டும்.

மறுநாள் அவர் நாலு டப்பாவோடு வந்தார். எங்கள் தெருமுனைத் தையல்காரர் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்கும் மாவு. மூன்று கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்க வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது ஒன்று. வேறு எதுவும் வாயில் படக்கூடாது. நாள் முழுக்க மொத்தம் அறுநூறு கலோரி. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனாலும் சித்தப்பா பல் விளக்கிவிட்டு வருகிற வழியில், சமையலறையில் நின்றவாக்கிலேயே தின்று தீர்ப்பது அறுநூறு இருக்கும் என்று தெரியும்.

"தையல்காரரே இருபது கிலோ குறைஞ்சிருக்காரு. கடையில போட்டோ மாட்டியிருக்காரு பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு பெரிய கால்சட்டையின் ஒற்றைக் காலுக்குள் தையல்காரர் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். பழைய கால்சட்டையாம். அந்தக் கால்சட்டையை வெட்டித் தைத்தது யார் என்று கேட்டேன். "போய் வேலையப் பாரு, வாயாடி" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கத் தன் ஊசி மாதிரி ஒல்லியாகத்தான் இருந்திருக்கிறார்.

மாவைக் கலக்கினால் நனைந்த அட்டைப்பெட்டிக்கு சென்ட் அடித்த மாதிரி ஒரு வாசனை. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் செடிக்கு ஊற்றினேன். செடி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

முதல் வாரம் நாலு கிலோ குறைந்தது. சித்தப்பா சினிமா ஹீரோ மாதிரி நடந்தார். குறைந்ததில் பாதி உடம்பிலிருந்த தண்ணீர்தான் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஹீரோ வில்லனாகிவிட்டார். சித்தி உருளைக்கிழங்கு வறுத்தால் அடுப்படிக் கதவை எட்டி உதைத்தார். வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாயைத் திறந்தால் பெயின்ட் கடை வாசனை. கழிப்பறைக்குள் போனால் நியூஸ் பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்து முடித்து, போன மாதிரியே திரும்பி வந்தார்.

சித்தி அவரைக் கையைப் பிடித்துத் தெரு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். டாக்டருக்கு முன்னால் நர்ஸம்மாவே டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த மாதிரி சாப்பாடு இல்லாம இல்ல சார். ரொம்ப எடை இருக்கிற சில பேருக்கு டாக்டரே எழுதித் தருவாரு. ரத்தம் பாத்து, மாத்திரைய மாத்தி, வாராவாரம் வரவச்சு, அப்புறம் மெல்ல மெல்ல சோத்துக்குக் கொண்டு வருவாங்க. நீங்க எங்க வாங்குனீங்க?"

"தையல் கடையில."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கயித்துல தொங்கி சன்னல் தொடைக்கிறேன்."

நர்ஸம்மா டப்பாவை மேசையில் வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தாள். "ஏம்மா, இவருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

சித்தப்பா டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவர் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்தேன். விரல் நடுங்கியது. ஒரு பொத்தானுக்கு மூன்று தடவை குறி பார்த்தார். அந்த விரல்தான் கொஞ்ச நேரத்தில் பத்தாவது மாடி மேல் முடிச்சுப் போடப்போகிறது. நான் உள்ளே போய், நாலாவது டப்பாவில் பாதியைக் கொட்டிவிட்டு, பால் பவுடரையும் அரைத்த நிலக்கடலையையும் சர்க்கரையையும் கலந்து மூடி வைத்தேன். விளையாட்டுக்குத்தான். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"இந்த டப்பா பரவாயில்லையே" என்று டம்ளரை நக்கினார். விரல் நடுக்கம் நின்றது. நான் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வார முடிவில், வீட்டில் வாங்கி வைத்திருந்த எடை மெஷினில் ஏறினார். முள் அசையவில்லை. சட்டையைக் கழற்றி ஏறினார், வாட்சைக் கழற்றி ஏறினார், கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றியும் ஏறினார். நூற்றுநாலு, நூற்றுநாலு, நூற்றுநாலு. அப்படியே மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உடம்பு பழகிருச்சு போல. இனிமே ரெண்டு டம்ளர்தான்."

அன்றே அந்த டப்பாவைக் கைதவறிக் கீழே கொட்டிய மாதிரி நடித்து, மிச்ச மாவைக் குப்பையில் போட்டேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. அவர் புது டப்பா வாங்கி, இரண்டே டம்ளரில் மீதி வாரங்களை ஓட்டினார். மொட்டைமாடியில் தினமும் "என்ன சாப்பிட்ட?" என்ற கேள்விக்கு "நாலு ரொட்டி, ரெண்டு முட்டை" என்று சொல்லியிருக்கிறார். முடிச்சு மாமா நம்பியிருக்கிறார். பல்லி பொய் சொல்லும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நிறுத்துப் பார்க்கும் நாள் வந்தது. தொண்ணூற்று ஒன்பதரை. சேஃப்டி சார் பேனாவால் ஒரு டிக் போட்டாராம். பிறகு நடந்ததை முடிச்சு மாமா எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சொன்னார். ஒரு கையில் சித்தப்பா, இன்னொரு கையில் அவர் பெல்ட்.

"மச்சான் முடிச்சுப் போட்டான் தங்கச்சி. நான் பெல்ட்டப் புடிச்சு ஒரு இழு இழுத்தேன். முடிச்சு உருவிக்கிட்டுக் கையோட வந்துருச்சு. பதினேழு வருஷத்துல ஒரு நாள் இப்படி இல்ல. என்னடா சாப்பிட்டன்னு திருப்பிக் கேட்டேன். தரையில உக்காந்துட்டான். மாவுத் தண்ணிங்கிறான். ஆறு வாரமாங்கிறான்!"

சித்தி சித்தப்பாவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இறங்கி இருந்தா?" என்றார் முடிச்சு மாமா. "ஏண்டா பல்லி, இறங்கி இருந்தா? நான் போய் இவங்ககிட்ட என்னடா சொல்றது? நாலு ரொட்டி ரெண்டு முட்டைன்னு சொன்னான் தங்கச்சின்னு சொல்றதா?"

"நூறுக்குக் கீழ வந்துட்டேன்ல" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

முடிச்சு மாமா பெல்ட்டைத் தூக்கி என் காலடியில் எறிந்தார். அவர்களை ஏறிட்டுப் பார்க்க முடியாமல், நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கத்தில் தைத்திருந்த துணிச்சீட்டின் அழுக்கை நகத்தால் சுரண்டினேன். பல வருடத்துச் சோப்பும் வியர்வையும். சுரண்டச் சுரண்ட எழுத்து வந்தது. நூறு கிலோ என்றது. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி. எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்ததை நம்பாமல் இன்னொரு தடவை வாசித்தேன்.

"மாமா, உங்க வாளி, கொக்கி எல்லாம் எவ்வளவு கனம்?"

"தண்ணியோட பதினோரு கிலோ வரும். எதுக்கு?"

"ஆளும் சாமானும் சேத்துத்தான் நூறாம்."

முடிச்சு மாமா விரலை மடக்கினார். "அப்ப இவன் நூத்திப்பத்தரை. நான்..." மேலே பார்த்துக் கணக்குப் போட்டார். பல்லி குண்டாவதற்கு முன்பிருந்தே அங்கே யாரும் இந்தச் சீட்டை வாசித்ததில்லை. வாளி பெல்ட்டில் தொங்குவது, அதனால் அது ஆள் கணக்கில் வராது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சேஃப்டி சாரும் சேர்த்துத்தான். அவர் பேனாவுக்குக் கண் இல்லை போலும்.

சித்திதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். இவ்வளவு நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகப் போடக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை முடிச்சு மாமா அந்தச் சீட்டைச் சேஃப்டி சார் மூக்குக்கு முன்னால் பிடித்தார். அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், நாலு நாள் வேலையை நிறுத்தினார். கடையில் நூற்று நாற்பது கிலோ தாங்கும் பெல்ட் இருந்தது. எப்போதும் இருந்ததாம். யாரும் கேட்கவில்லையாம். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயத்துக்கு என் சித்தப்பா ஆறு வாரம் அட்டைப்பெட்டியைக் கரைத்துக் குடித்திருக்கிறார்.

அந்த நாலு நாளில் சித்தி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றுக்குத் திருப்பினாள். தினமும் கிளினிக்குக்கும் இழுத்துப் போனாள். இந்தத் தடவை அவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். கடைசி நாள் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து நான் சொன்னேன்.

"சித்தப்பா, அந்த நாலாவது டப்பா... நான்தான் பால் பவுடர் கலந்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"கடலை பல்லுல மாட்டுச்சு."

"அப்புறம் ஏன் மெஷின் மேல உக்காந்து அழுதீங்க?"

"அழல." ரொட்டியைப் பிய்த்தார். "தெரிஞ்சும் நாலு நாள் முழுசாக் குடிச்சேன். உன்னைத் திட்டுனா நிறுத்திருவ. பசிச்சுதுடி."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தொண்டையில் கடலை எதுவும் இல்லை, இருந்தாலும் குடித்தேன்.

புது பெல்ட் வந்த அன்று மொட்டைமாடியில் முடிச்சு மாமா மூன்று தடவை இழுத்துவிட்டு "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாராம். சித்தப்பா சொல்ல ஆரம்பித்தாராம். பட்டியல் முடிவதற்குள் கீழே சேஃப்டி சார் இரண்டு தடவை விசில் ஊதிவிட்டாராம். மூன்று மாதத்தில் குறைந்ததில் பாதி திரும்பி வந்து, இப்போது நூற்று ஐந்து. சாயங்காலம் சித்தி அவரைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போகிறாள், எண்ணெயைக் குறைத்திருக்கிறாள். அவர் முனகுகிறார், ஆனால் போகிறார்.

தையல்காரர் இன்னமும் கால்சட்டைக்குள் நின்று பல்லைக் காட்டுகிறார். எங்கள் வீட்டில் மிஞ்சிய காலி டப்பாவைச் சித்தப்பா பெல்ட்டில் தொங்கவிட்டு, வைப்பரின் ரப்பர் துண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார். அதையும் நிறுத்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். இருநூறு கிராம்.