நாற்காலி போடுகிற எம்.எல்.ஏ.

ஜோகுபாளையத்தில் நானும் அவரும் ஒரே கட்சியில் சேர்ந்து போஸ்டர் ஒட்டியவர்கள். தமிழிலும் கன்னடத்திலும் பேசிக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவன் நான். அவருக்கு மைக்கைக் கண்டாலே நாக்குக் குழறும். குள்ளமான ஆள், எப்போதும் கசங்கிய வெள்ளைச் சட்டை. ஆனாலும் தொண்ணூறுகளில் ஒரு தேர்தலில் டிக்கெட் அவருக்குத்தான் கிடைத்தது. ஜெயித்தும் விட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம். ஏரியாவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய், ஷாமியானாவுக்கு அடியில் இரும்பு நாற்காலிகளைத் தன் கையாலேயே விரித்துப் போடுவார். எம்.எல்.ஏ. ஆன பிறகும் அதை விடவில்லை. எல்லாம் நடிப்பு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது முறையும் ஜெயித்தபோது வயிற்றெரிச்சல் தாங்காமல் அவரிடமே கேட்டேன்.

"எப்படிண்ணா உங்களுக்கு மட்டும் இப்படி ஓட்டு விழுது?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"உன்ன மாதிரி பேச எனக்கு வராதுப்பா. சேர் போடத்தான் வரும்."

இதையே நான் மேடையில் சொல்லியிருந்தால் எவ்வளவு கைதட்டல் விழுந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் அம்மா இறந்த அன்று காலை, அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வாசலில் இரும்பு நாற்காலிகளை விரிக்கிற சத்தம் கேட்டது. வந்திருப்பது யாரென்று தெரிந்துவிட்டது. அழுகை நின்றது. எழுந்து ஜன்னலுக்குப் போய், எத்தனை பேர் அவரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன்.